மலைக்கோயிலில் வைத்துவிட்டு வந்த பிரஷர் மெஷின்

சகோதரங்களே, நான் இத்தாலியில், ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடற்கரை ஊரில் ஒரு மீன் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன். எனக்குப் பேச்சு வராது, கோபம் மட்டும் நன்றாக வரும். இந்தச் செபக் குழுவில் போனமுறை நான் சொன்ன சாட்சியில் பாதியை மறைத்துவிட்டேன். இன்றைக்கு மிச்சத்தையும் சொல்கிறேன்.

என் மகள் அனிற்றாவுக்கு ஏழு வயதில் இரத்தப் புற்றுநோய் வந்தது. கொடுத்த மருந்துகள் எடுபடவில்லை. கடைசியில் என் எலும்பு மச்சையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை அவளுக்கு ஏற்றினார்கள். அது பிடித்துக்கொண்டது. நான் இதே இடத்தில் எழுந்து நின்று, "என்ரை பிள்ளைக்குப் பூரண சுகம்" என்று சொன்னேன். நீங்களும் கை தட்டினீர்கள்.

வீட்டுக்கு விடும்போது டொக்டர் சொன்னதை நான் அன்றைக்குச் சொல்லவில்லை. ஏற்றிய செல்கள் பிள்ளையின் உடம்போடு சண்டை பிடிக்காமல் இருக்கக் கொடுத்த மருந்துகள் சிறுநீரகத்தைத் தாக்கலாம். புற்றுநோய் போய் வருடங்கள் கழித்தும் அது தெரியவரலாம். அதனால் தினமும் காலையில் பிரஷர் பார்த்து எழுதவேண்டும், சொன்ன தவணைக்கு இரத்தமும் சிறுநீரும் சோதிக்கவேண்டும். சின்னக் கைக்கு ஏற்ற பட்டியோடு ஒரு மெஷின் வாங்கினோம். அனிற்றா அதில் தன் பெயரை எழுதி ஒட்டினாள். ஒரு வருடத்துக்கு மேல் ஒழுங்காகப் பார்த்தோம்.

பிறகுதான் நேர்த்தி வந்தது. சுகம் கிடைத்தால் எங்கள் ஆட்கள் இங்குள்ள மலைக்கோயிலுக்கு நடந்து ஏறி, அங்கே இருக்கும் புனிதைக்கு எதையாவது வைத்துவிட்டு வருவார்கள். வெள்ளிக் கால், வெள்ளிக் கண், ஊன்றுகோல் எல்லாம் அங்கே கிடக்கும். நான் மெழுகுதிரி கொண்டுபோக நினைத்திருந்தேன். அப்போது இந்தக் குழுவை நடத்திய றெஜினா அக்கா விடவில்லை.

"சுகம் எண்டு சாட்சி சொல்லிப்போட்டு அந்த மெஷினை வீட்டிலை வைச்சிருக்கிறியளே தம்பி. அப்ப ஆண்டவரிலை சந்தேகமோ? அதைக் கொண்டுபோய் வையுங்கோ."

"இஞ்சேருங்கோ, அது டொக்டர் பார்க்கச் சொன்ன சாமான்" என்று மனைவி தடுத்தாள். நான் கேட்கவில்லை. செப்டெம்பரில் வெறுங்காலோடு ஏறி, மெஷினைப் புனிதையின் காலடியில் வைத்தேன். அனிற்றா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதோடு சோதனைகளையும் விட்டேன். சுகமான பிள்ளைக்கு எதற்கு என்று இரண்டு தவணைகளை நானே தள்ளிப்போட்டேன்.

தவக்காலத்தில் அவளுக்குக் காலையில் தலையிடி வந்தது. கண் இமைகள் வீங்கின. நித்திரை போதாததால்தான் என்று சமாளித்தேன். ஒருநாள் வகுப்பில் வலிப்பு வந்து விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிரஷர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. சிறுநீரில் புரதம் போனது. இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகத் தொடங்கியிருந்தன.

எனக்கு ஆண்டவர்மீதுதான் கோபம் வந்தது. எலும்பைத் துளைக்கவிட்டு மச்சை கொடுத்தேன், நேர்த்தியும் வைத்தேன், பிறகும் ஏமாற்றிவிட்டீரே என்று ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று கேட்டேன். றெஜினா அக்காவுக்கு அழைத்தேன்.

"உங்கடை வீட்டிலை ஏதோ விசுவாசக் குறை இருக்கு, தம்பி" என்றார். மெஷினைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. அதன்பிறகு என் அழைப்பை எடுக்கவும் இல்லை. கூடப் பிறந்த அக்கா மாதிரி நம்பியிருந்தேன். அது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அன்று பின்னேரம் அனிற்றா கண் விழித்தாள். "அது உங்கடை மெஷின் இல்லை, பப்பா. என்ரை. என்னட்டைக் கேட்டனீங்களோ?" என்றாள். என்னை ஏமாற்றினார்கள் என்று கத்திக்கொண்டிருந்த நான், அவளை ஏமாற்றியிருந்தேன்.

பிரஷர் எழுதிய கொப்பி எங்கே என்று டொக்டர் கேட்டார். மெஷினே மலையில் புனிதையிடம் இருக்கிறது என்றேன். அவர் இந்த ஊர்க்காரி, நேர்த்தி தெரிந்தவர், சிரிக்கவில்லை. "போய் வாங்கி வாருங்கள். புனிதைக்குப் பிரஷர் இல்லை" என்று இத்தாலியனில் சொன்னார்.

மறுநாள் காலை திரும்பவும் ஏறினேன். முழங்காலில் நிற்கவும் மனம் வரவில்லை. "பூரண சுகம் கேட்கமாட்டேன். மிச்சமிருக்கிற சிறுநீரகத்தை விட்டுவையும். மெஷினைத் திருப்பித் தாரும்" என்று நின்றபடியே செபித்தேன். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் இத்தாலிய அம்மா அலுமாரியைத் திறந்தார். அனிற்றாவின் பெயர் ஒட்டியபடி மெஷின் அப்படியே இருந்தது. வைத்ததை வாங்க வந்தவன் நான்தான் முதல் ஆளாம்.

இரண்டு கிழமை கழித்து டொக்டர் தன் அறைக்கு அழைத்தார். சிறுநீரகம் மேலும் பழுதாகவில்லை. போனது திரும்பாது, ஆனால் மிச்சத்தை மருந்தால் காப்பாற்றலாம், டயாலிசிஸ் இப்போது தேவையில்லை என்றார். மலையில் மடங்காத முழங்கால் அன்று ஆஸ்பத்திரி விறாந்தையில் தானாக மடங்கியது. ஸ்தோத்திரம், நான் கேட்ட அளவை ஆண்டவர் அப்படியே தந்தார்.

உங்கள் பிள்ளைக்குச் சோதனைத் தவணை இருந்தால் செபியுங்கள், செபித்துவிட்டு அந்தத் தவணைக்குப் போங்கள். ஆண்டவர் அங்கேயும் வருவார், நம்புங்கள்.

இப்போது தினமும் பள்ளிக்கு முன் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுப் பிரஷர் பார்க்கிறோம். ஆனால் மாதக்கணக்காக அனிற்றா மெஷினை என்னைத் தொடவிடவில்லை. தானே பட்டியைச் சுற்றுவாள், தன் தலையணைக்குக் கீழே வைப்பாள். போன ஞாயிறுதான் கையை என் பக்கம் நீட்டி, "இண்டைக்கு நீங்கள் கட்டுங்கோ, பப்பா" என்றாள்.