மயில் பின்னாடி வரும்

இன்னைக்குக் காலைல சிவகாசில ஒரு பிரஸ்ஸுக்குப் போயிருந்தேன். மாமா கம்பெனி கம்பி மத்தாப்புப் பெட்டிக்கு லேபிள் டிசைன் பண்ணது நான்தான். ஒரு மயில் மட்டும் பாக்கி.

அவசரத்துல, "நீங்க ஓட்ட ஆரம்பிங்க, மயிலைப் பின்னாடி அனுப்புறேன்"னு சொல்லிட்டேன்.

மிஷின் பாக்குற மாரியக்கா ஏற இறங்கப் பார்த்தாங்க. "பின்னாடி எங்கன ஒட்டுவீக? மாதிரி அடிச்சுக் காட்டுற புரூஃப்ல கையெழுத்து விழாம இங்கன அச்சுக்குப் பிளேட்டே போட மாட்டோம்."

சுருக்குன்னு இருந்துச்சு. நான் டிசைனரா இருக்கிற பெங்களூர் சாஃப்ட்வேர் ஆபீஸ்ல தினமும் என்கிட்ட சொல்ற டயலாக்கைத்தான் நானே இங்க சொல்லியிருக்கேன்! "கோடிங் ஆரம்பிச்சாச்சு, டிசைன் பின்னாடி வரட்டும்." பல டீமும் ஒரே நேரத்துல சேர்ந்து வேலை செய்யுற முறையாம், பேரு ஸ்கேல்டு அஜைலாம். எட்டு டீமும் ஒரே ரயில்ல போகுதாம். டிசைனர் மட்டும் ரயிலுக்குப் பின்னால ஓடணும்.

பதினோரு மணிக்கு எட்டு டீமும் சேர்ந்து அடுத்த மூணு மாச வேலையைப் பிரிக்கிற மீட்டிங். பிரஸ் வாசல்ல நின்னே போன்ல பேசினேன். மாரியக்கா சொன்னதை அப்படியே எடுத்து விட்டேன்.



அப்புறம் ஒத்துக்கிட்டாங்கய்யா! இனிமே கோடிங் ஆரம்பிக்க ரெண்டு வாரம் முன்னாடியே டிசைன் முடியணும். டிசைனர் ஓகே சொல்லாம எந்த டீமும் கோடிங்ல கை வைக்கக் கூடாது!

உள்ள ஓடிப் போய், "அக்கா, எட்டு டீமும் ஒத்துக்கிட்டாங்க!"ன்னு கத்தினேன்.

"சந்தோசம். மயிலு எங்க?"

மயிலுக்குத் தோகை விரிஞ்சிருக்கணுமா, மடங்கியிருக்கணுமா? சீக்கிரம் சொல்லுங்க, அக்கா என்னையே பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க.