பிளாஸ்திரியால் ஒட்டியிருந்த தாள்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, மழை விடாமல் பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை. திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் சர்வர் அறையில் காலை ஒன்பது மணியிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தேன்.

அங்கே பதினான்கு சர்வர்கள். ஒன்று மக்கர் செய்தால் ஓர் ஆள் அந்தக் குளிர் அறைக்குள் போய், திரையையும் கீபோர்டையும் அதில் செருகிப் பார்க்க வேண்டும். அதற்குப் பதிலாக, எல்லாச் சர்வர்களின் திரைகளையும் மாடியில் ஒரே மேசையிலிருந்து பார்க்கவும், தேவைப்பட்டால் அங்கிருந்தே மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுக்கவும் ஒரு மென்பொருள் உண்டு. அதை நிறுவி, எந்த இணைப்பில் எந்தச் சர்வர் இருக்கிறது என்று பெயர் கொடுத்து, சோதித்துக் காட்டுவதுதான் என் வேலை.

பெயர் தவறினால் கை வேறு சர்வரில் விழும். அதனால் ஒவ்வொரு சர்வரையும் நேரில் பார்த்து உறுதி செய்துவிட்டுத்தான் எழுத வேண்டும். பன்னிரண்டுக்கு அப்படித்தான் செய்தேன். கடைசி இரண்டும் அடித்தட்டில், கேபிள் கற்றைக்குப் பின்னால் இருந்தன. முன்பு வேலை பார்த்தவர் விட்டுப்போன பட்டியலில் இடப்பக்கம் 'லேப்', வலப்பக்கம் 'பழையது, உபயோகத்தில் இல்லை' என்று இருந்தது. அதை அப்படியே எடுத்து எழுதினேன்.

வலப்பக்கச் சர்வரின் முகப்பில் ஒரு தாள் இருந்தது. காயத்துக்குப் போடும் வெள்ளைப் பிளாஸ்திரியால் ஒட்டியிருந்தார்கள். சிவப்பு மையில், மலையாளத்தில் இரண்டு வரி.

நான் நாகர்கோவில்காரன். இங்கே வந்து அப்போது பன்னிரண்டு வருடம். என் மலையாளத்தைக் கேட்பவர்கள், சொந்த ஊர் இங்கே பக்கத்தில் நெய்யாற்றின்கரையா என்பார்கள். ஆனால் எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. அலுவலகத்தில் மலையாளக் கடிதம் வந்தால், கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிப் பக்கத்தில் இருப்பவரைப் படிக்க வைப்பேன். அன்று அறை வாசலில் காவலாளி உட்கார்ந்திருந்தார். அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தரை துடைக்க வருபவர்களுக்கான குறிப்பாக இருக்கும் என்று முடிவு செய்துகொண்டேன்.

பதினொன்றேகாலுக்கு மாடியில் கடைசிச் சோதனை. மின்சாரத்தை நிறுத்திப் பார்க்க, உபயோகத்தில் இல்லாத சர்வர்தான் பாதுகாப்பு. அந்தப் பெயரைத் தேர்ந்து நிறுத்தினேன். திரையில் பச்சைப் புள்ளி சாம்பல் நிறமானது. 'சரியாக வேலை செய்கிறது' என்று குறித்துக்கொண்டேன்.

இரண்டு நிமிடத்தில் ஒரு பெண் படியேறி ஓடிவந்தார். லேப் டெக்னீஷியன், முப்பது வயது இருக்கும். லேபின் சர்வர் நின்றுவிட்டது என்று மலையாளத்தில் சொன்னார். "அய்யோ, எதை ஆஃப் பண்ணினேன்?" என்று என்னையறியாமல் தமிழில் சொன்னேன். அவரும் தமிழுக்கு மாறினார்.

"ஆபரேஷன் தியேட்டர்ல ஒரு கேஸ் சார். பிரசவம் கழிஞ்சு ரத்தம் நிக்கலை. காலைல பார்த்த குரூப்பு, மேட்ச் பண்ணின பை நம்பரு எல்லாம் அதுக்குள்ளயாக்கும். எப்ப வரும்?"

"பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷம் அவங்களுக்கு இல்லை சார். பேப்பர் ஒட்டியிருந்தேனே, கண்டில்லையா?"

மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்தேன். திடீரென்று நின்ற சர்வர் தன் டிஸ்க் முழுவதையும் சோதித்துவிட்டுத்தான் எழும். பத்து நிமிடம் அல்ல, நாற்பது நிமிடம் ஆனது.

லேப் டெக்னீஷியன் காத்திருக்கவில்லை. பிரசவமான பெண்ணின் ரத்தத்தை மறுபடி எடுத்து, முதலிலிருந்து சோதித்து, முடிவைக் கையால் தாளில் எழுதி, பைகளை அவரே தியேட்டருக்குக் கொண்டு ஓடினார்.

சர்வர் எழுந்த பிறகு நான் இறங்கிப்போய்த் தியேட்டர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவரின் கால் நகங்களில் சிமெண்ட் காய்ந்திருந்தது. உள்ளே இருந்த பெண்ணின் கணவர். தென்காசிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னாங்க. அதைச் சரி பண்ண வந்தவுக நீங்கதானா சார்?"

தலையாட்டினேன்.

"சரியாயிட்டா?"

"ஆயிட்டு."

இரண்டு கையையும் கூப்பினார். "நல்ல நேரத்துல வந்தீங்க. நீங்க இல்லன்னா என்ன ஆயிருக்கும்!" பிறகு ஃபிளாஸ்கைத் திறந்து, மூடியில் பால் சேர்க்காத கட்டன் சாயா ஊற்றி நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

ஒன்றரை மணிக்கு நர்ஸ் வந்து, ரத்தம் நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்றார். கணவர் சுவரில் நெற்றியை வைத்து அழுதார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மருத்துவமனை நிர்வாகத்துக்குத் தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். அது அத்தனை கஷ்டமாக இல்லை.

மாலையில் லேப் டெக்னீஷியன் சர்வர் அறைக்கு வந்து, அந்தத் தாளை எனக்குப் படித்துக் காட்டினார். இதை ஆஃப் செய்யக் கூடாது, லேப் இதில்தான் ஓடுகிறது. அவ்வளவுதான். பழைய பட்டியலில் இடமும் வலமும் மாறியிருந்தன.

"இவ்வளவு நல்லா மலையாளம் பறையுறீங்க. வாயிக்க மட்டும் அறியாதா?"

படிக்கத் தெரியாது என்று முதல்முறையாக ஒருவரிடம் சொன்னேன்.

"எனக்கு நேர் மறிச்சு சார். பொன்முடி டீ எஸ்டேட்டு லயத்து வீடுகள்ல எல்லாரும் தமிழுதான். ஸ்கூல்ல மலையாளம். தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது. தெரிஞ்சிருந்தா உங்களுக்குன்னு அதுலயும் ஒண்ணு எழுதி ஒட்டியிருப்பேன்." அவர் சிரிக்கவில்லை.

இப்போது மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். நேரில் பார்க்காமல் எந்தச் சர்வருக்கும் பெயர் எழுதுவதில்லை. ஆனால் அந்த மனிதர் நீட்டிய சாயாவை உண்மையைச் சொல்லாமல் வாங்கிக் குடித்தேனே, அதை மட்டும் எதைக் கற்றுக்கொண்டும் இன்றுவரை என்னால் சரிசெய்ய முடியவில்லை.