மச்சான் அளந்த பெட்டி

என் மனைவியின் அண்ணனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் கிடையாது.

எங்கள் சக்குபள்ளம் பக்கத்தில் மைக் செட் போட நான் ஒருவன், மச்சான் ஒருவர். மாரியம்மன் திருவிழா யாருக்கு என்பதைக் கோயில் கமிட்டி காதால்தான் முடிவு செய்யும். இரண்டு செட்டையும் கோயில் முற்றத்தில் வைத்துவிட்டு, கமிட்டிக்காரர்கள் பள்ளத்தைத் தாண்டி எதிர்மேட்டு ஏலக்காய்க் காட்டில் போய் நிற்பார்கள். எந்த ஸ்பீக்கர் பெட்டியின் பேஸ், அந்தக் கனத்த அடிச்சத்தம், அங்கே நெஞ்சில் இடிக்கிறதோ அதற்குத்தான் திருவிழா. தில்லுமுல்லு நடக்கக் கூடாதென்று, என் செட்டில் ஓட வேண்டிய பாட்டை மச்சான் சொல்வார். அவர் செட்டுக்கு நான் சொல்வேன்.

போன வருடம் நான் கொண்டுபோனது எல்லாப் பக்கமும் அடைத்த பெட்டி. அதன் பேஸ் சுத்தமாக இருக்கும், இழுக்காது; வீட்டுக்குள் கேட்டால் சொக்கிப்போவீர்கள். ஆனால் பள்ளம் தாண்டவில்லை. மச்சான் கடையில் வாங்கி வந்த துளைப் பெட்டி தாண்டியது. ஜெயித்த மனுஷன் பேசாமல் போயிருக்கலாம் அல்லவா? என் மைக்கையே பிடுங்கி, "எந்தங்கச்சியக் கட்டுனவரு அரிசி டப்பாவத் தூக்கிட்டு வந்திருக்காரு. யாரும் சிரிக்காதீங்கப்பா" என்றார். ஊரே சிரித்தது. கூட்டத்தில் நின்ற என் மனைவி முகம் சிவந்து வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த வருடத் திருவிழாவைப் பிடுங்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முதலில், ஸ்பீக்கரை உள்ளே ஒளித்து, சத்தத்தைத் துளை வழியாக மட்டும் விடுகிற பெட்டியைச் செய்தேன். ஒரு சுருதியில் முட்டித் தள்ளும், மற்றதற்கு ஊமை. எதிராளி பாட்டுச் சொல்லும் இடத்தில் அதை நம்ப முடியுமா? பிறகு துளைப் பெட்டிக்கே வந்தேன். அதில் விஷயம் துளையில் இல்லை, துளைக்குப் பின்னால் போகிற குழாயில் இருக்கிறது. குழாய் நீண்டால் மிகக் கீழான சுருதி வரைக்கும் காற்று ஸ்பீக்கரைத் தாங்கிப் பிடிக்கும். குட்டையானால் கீழ்ச்சுருதியில் பிடிமானம் இல்லாமல் ஸ்பீக்கர் கண்டபடி ஆடும். ஏலச்செடிக்குத் தண்ணீர் விடும் பிவிசி குழாயை நீளமாக அறுத்து, வளைவுக்கு எல்போ போட்டு, பெட்டிக்குள்ளேயே மடக்கி ஒட்டினேன். அறுக்கும்போது குழாயைப் பிடித்துக்கொண்டது என் மனைவிதான். வெளியே பார்த்தால் வெறும் வட்டத் துளை.

என் வீட்டுக் கூரைத் தகரம் அதிர்கிற சேதி மச்சானுக்குப் போயிற்று. ஒருநாள் நான் திரும்பி வந்தபோது மனைவி சொன்னாள்:

"எங்கண்ணன் வந்துச்சு. டேப்பு வச்சு பொட்டிய அளந்துட்டுப் போயிருக்கு. தொளையக்கூட விடல."

"நீ தடுக்கலியா?"

"எதுக்கு? காப்பி போட்டுக் குடுத்தேன். நல்லா அளக்கட்டும்."

அவளை அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்துகொண்டேன்.

போட்டி நாளில் மச்சானின் புதுப் பெட்டி என் பெட்டி மாதிரியே வந்து நின்றது. பெயிண்ட்கூட அதே கறுப்பு. துளை மட்டும் போட்டிருந்தார், பின்னால் குழாய் இல்லை. நான் உறுமி அடிவயிற்றிலிருந்து முழங்குகிற பாட்டாகப் பார்த்துச் சொன்னேன். அவர் பெட்டி பல்லவி வரைக்கும் ஒழுங்காகப் பாடியது. உறுமி இறங்கியதும் ஸ்பீக்கர் படபடவென்று துள்ளி, டக் டக்கென்று அடித்து, உள்ளே காயில் கம்பிச்சுருள் கருகிய வாடையோடு அடங்கிப்போனது. கோபத்தில் மச்சான் எனக்கும் அதே பாட்டைச் சொன்னார். என் பெட்டி முழங்க, எதிர்மேட்டிலிருந்து கமிட்டித் தலைவர் துண்டை வீசிக் காட்டினார்.

மச்சான் என் பெட்டி முன்னால் குத்தவைத்து, துளைக்குள் கண்ணை வைத்துப் பார்த்தார்.

"மாப்ள, உள்ள என்னதான்யா வச்சிருக்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி என் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

"பொட்டிக்குள்ள என்ன இருக்குன்னு எங்கண்ணன் கேக்குது. யாராச்சும் அதுக்கு ஒரு டேப்பு குடுங்க. யாரும் சிரிக்காதீங்கப்பா."

எதிர்மேட்டில் சிரித்தது முற்றம் வரைக்கும் கேட்டது.