ஸ்டிரிப்பில் சிரித்த வெள்ளைக்காரி

தாராவியில் எங்கள் வீட்டில் போட்டோ எடுக்கப் போகிறோம் என்றால் முதலில் பவுடர் டப்பாதான் வெளியே வரும். "ஏளா, அசையாம நில்லு. கருவாச்சியாட்டம் விழுந்துட்டா எவன் பாப்பான்?" என்று அம்மா என் முகத்தில் அப்புவாள். அந்தப் போட்டோக்களில் என் கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். பார்த்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்டவள் போய்ச் சேர்ந்தது, ஃபிலிம் நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போடும் லேபில். ஒவ்வொரு ஷாட்டுக்கும் பிரிண்டரில் சிவப்பு, பச்சை, நீல விளக்குகள் எத்தனை பாயிண்டில் எரிய வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. இதில் எல்லாம் தலைகீழ். ஒளியைக் கூட்டினால் பிரிண்ட் கறுக்கும், குறைத்தால் வெளுக்கும். மெஷின் சரியா என்று பார்க்க ஒரு ஃபிலிம் ஸ்டிரிப் உண்டு. அதில் நிறத்தைச் சரிபார்க்க வைக்கும் சாம்பல் நிற அட்டைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரி சிரிப்பாள். அவள் சரியாக வந்தால் மெஷின் சரி. எங்கள் லேபில் அதோடு விடவில்லை. எந்த நடிகை வந்தாலும் அவளை வெள்ளைக்காரி பக்கமாகத் தள்ளிக்கொண்டு போவதே வழக்கம்.

சென்ற வருடம் சீத்தா கேம்ப் குடிசைகளுக்குள் எடுத்த படம் ஒன்று வந்தது. ஃபிலிமில்தான் எடுப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கும் கேமராமேன். நாயகி புதுசு, என் நிறம். தண்ணீர்க் குழாயடியில் அவள் சண்டை போடும் காட்சி அவ்வளவு அழகு. மாட்டுங்கா ஐயரான எங்கள் மேனேஜர் முதல் பிரிண்டைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஹீரோயின் இவ்ளோ டார்க்கா? பாயிண்டைக் குறை. ஸ்டிரிப்போட மேட்ச் பண்ணு" என்றார்.

குறைத்துப் பார்த்தேன். பிரிண்டரில் முகத்தை மட்டும் வெளுக்க முடியாது. கூந்தல் சாம்பலானது, வானம் காணாமல் போனது, தார்ப்பாயின் நீலம் செத்துப்போனது. நடுவில் பவுடர் அப்பிய முகத்தோடு அவள். அது போட்டோவில் நின்ற நானேதான். ஆத்திரத்தில் பழைய பாயிண்டையே திரும்பப் போட்டுவிட்டு அவரிடம் போனேன்.

"சார், இவ கறுப்பு. நெகட்டிவ்ல தப்பில்ல."

"உனக்கு இது பர்சனல் ஆயிடுத்து."

"ஆமா சார், பர்சனல்தான். வெளுத்து அனுப்பமாட்டேன்."

"புரொட்யூசர் ரிஜெக்ட் பண்ணினா உன் நௌக்ரி போயிடும், பாத்துக்கோ."

"போகட்டும்."

சொல்லிவிட்டேன். வீட்டில் சம்பளக்காரி நான் ஒருத்திதான். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. கேமராமேனிடம் மிச்ச ஃபிலிமில் கொஞ்சம் கேட்டு, ஸ்டிரிப்பில் உள்ளதுபோலவே சாம்பல் அட்டையைப் பிடித்துக்கொண்டு நானே கேமரா முன்னால் உட்கார்ந்தேன். முகம் கழுவிக்கொண்டேன், அவ்வளவுதான். பிரிண்டில் அட்டை அட்டையாக வந்தது, நான் நானாக வந்தேன். அதை மேனேஜர் மேஜையில் வைத்தேன்.

"இதை யாரு கேட்டா?" என்றார்.

"அந்த வெள்ளைக்காரிய யாரு கேட்டா, சார்?"

புரொட்யூசர் வந்தார், நான் வெளுக்காமல் போட்ட படத்தைக் கடைசிவரை பார்த்தார். அவரோ சவுண்ட் சரியில்லை என்று மட்டும் குறைப்பட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். மேனேஜர் என்னைப் பார்க்காமல் எனக்கும் சேர்த்து டீ சொல்லி அனுப்பினார்.

இப்போது நான் வேலை பார்க்கும் படங்களின் நெகட்டிவ் தொடக்கத்தில் என் ஸ்டிரிப்பைத்தான் ஒட்டுகிறேன். அனுமதி யாரும் தரவில்லை, நான் கேட்கவும் இல்லை. தியேட்டரில் அந்தப் பகுதியை ஓட்டமாட்டார்கள், அதனால் யார் கண்ணிலும் படாது. அம்மாவிடம் மட்டும் அதன் பிரிண்டில் ஒரு துண்டைக் காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் பவுடர் போட்டிருக்கலாம்லா?"

"போடமாட்டேன்" என்றேன்.