ஏழாவது மேசைக் கம்ப்யூட்டர்

ஒரகடம் பக்கம் லாரி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் நடேசன் எலக்ட்ரீசியன். 1991இல் ஆபீசுக்கு ஏழு கம்ப்யூட்டர்கள் வந்தன. ஆட்கள் வந்து அவற்றை ஒரே கேபிளில் சர்வரோடு கோத்ததை மூன்று நாள் பக்கத்திலேயே நின்று பார்த்தான். பிறகு அகராதி வைத்துக் கையேட்டைப் படித்தான். அதற்கப்புறம் எந்தக் கோளாறுக்கும் அவனைத்தான் கூப்பிட்டார்கள்.

ஆயுதபூஜைக்கு மறுவாரம் ஏழாவது மேசையில், ஸ்டோர்ஸ் கணக்குப் பார்க்கும் சசிரேகாவின் கம்ப்யூட்டர் மட்டும் மந்தமானது. சர்வரிலுள்ள சரக்குப் பட்டியலைத் திறக்க மற்றவர்களுக்குப் பத்து விநாடி; அவளுக்கு நாலு நிமிஷம்.

"இன்னாண்ணே இது, என்னைமாரியே கீது. எழுப்புனா எழுந்துக்கவே மாட்டேங்குது."

சிரித்தாளே தவிர, உள்ளுக்குள் பயம். பயிற்சிக்காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. வேலை நிலைக்குமா என்பது மேனேஜர் ஸ்ரீதர் கையில்.

நடேசன் கேபிள் வந்து சேரும் கம்ப்யூட்டரின் உள் கார்டை மாற்றினான், கேபிளை மாற்றினான். ஒவ்வொரு முறையும் கடிகாரம் பார்த்து நோட்டில் எழுதினான். நாலு நிமிஷம் குறையவில்லை. கார்டையும் கேபிளையும் சேர்க்கும் சின்ன உலோக இணைப்பை மட்டும் சந்தேகப்படவில்லை. பூஜைக்கு அதைத் துடைத்து மாட்டியதே அவன்தான்.

"கோளாறு மிஷின்லயா, பொண்ணு கையிலயா?" என்று ஸ்ரீதர் கேட்டார்.

"மிஷின்ல ஒண்ணும் தெரியல, சார்."

சனிக்கிழமை அவளை அனுப்பிவிட்டார்கள்.

திங்கட்கிழமை மனசு கேட்காமல் புது இணைப்பு ஒன்றைப் போட்டுப் பார்த்தான். பத்து விநாடி. பழையதை வெளிச்சத்தில் பிடித்தான். நடுத்துளையில் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. பூஜையன்று ஏழு மிஷினுக்கும் பொட்டு வைத்தபோது, அவள் மிஷினில் கழற்றித் துடைத்த இந்த இணைப்புக்கும் ஒரு துளி வைத்தது அவன் கைதான்.

ஓடிப்போய் ஸ்ரீதரிடம் சொன்னான்.

"லெட்டர் போயாச்சு நடேசன். வேற ஆளுக்கும் சொல்லியாச்சு."

சாயங்காலமே பஸ் ஏறி வாலாஜாபாத்தில் சசிரேகாவின் வீட்டுக்குப் போனான். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். சசிரேகா கேட்டாள்:

"அப்போ நான் தத்தி இல்லியாண்ணே?"

"இல்லம்மா."

"எங்கப்பா கைல சொல்லுங்க. நான்தான் தத்தினு அவர்கிட்ட ஒத்துக்கினேன்."

உள்ளே அவள் அப்பா ரகுபதி நாற்காலியில் இருந்தார். மறுபடி முதலிலிருந்து சொன்னான். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்:

"இத்த சனிக்கிழமை சொல்லக் கூடாதாப்பா?"



"அவருக்கே இன்னைக்குத்தாம்பா தெரியும்," என்றாள் சசிரேகா.