கழிவுத் தொட்டிக்கு வந்த போர்வெல் கம்ப்ரசர்

கும்பகோணத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் தரைத்தள வீடு என்னுடையது. மேலே மேலே தார் போட்டு ரோடு உயர்ந்ததில் கட்டடம் பள்ளத்துக்குள் போய்விட்டது. எட்டு வீட்டுக் கழிவும் தெருச் சாக்கடைக் குழாய்க்குத் தானாகப் போகாது. பின்பக்கத் தொட்டியில் சேர்த்து, மோட்டார் வைத்துத்தான் மேலே தள்ள வேண்டும். மோட்டார் அடைத்துக்கொண்டால் முதலில் பொங்குவது என் குளியலறை. மாடிக்காரர்களுக்கு அது வெறும் செய்தி. வாளியும் துடைப்பமும் எனக்கு.

தலைமுடி, கந்தல் துணி, டயப்பர் எல்லாம் அந்த மோட்டாரில் சுற்றிக்கொண்டு வரும். கூட்டத்தில் கேட்டால் எட்டு வீட்டிலும் யாருமே எதையும் போட்டதில்லை.

அப்போது என் மகளுக்கு ஆறாம் மாதம். வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு இங்கே அழைத்து வர வேண்டும். அதற்குள் ஒரு வழி பண்ணுங்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். அதன் பிறகுதான் தஞ்சாவூரிலிருந்து ஓர் இன்ஜினியரை வரவழைத்தார்கள்.

அவர் பொறுமையாக விளக்கினார். மூடிய இரும்புப் பாத்திரம் ஒன்று வரும். அதில் கழிவு நிரம்பியதும் கம்ப்ரசர் காற்று அழுத்தி மொத்தத்தையும் வெளியே தள்ளிவிடும். உள்ளே சுற்றுகிற பாகமே இல்லை, ஆகவே துணி சுற்றிக்கொள்ளாது. ஆனால் வந்து சேர மூன்று மாதம் ஆகும் என்றார்.

மூன்றாவது மாடிக்காரர் காதில் கம்ப்ரசர் என்ற சொல் மட்டும்தான் விழுந்தது. திருவிடைமருதூர்ப் பக்கம் நஞ்சை வைத்திருக்கும் மனிதர். கட்டடத்தில் எல்லோருக்கும் மாமா.

“கம்ப்ரசரா? அதுக்கு ஏன் சார் மூணு மாசம்? என் தோப்பு போர்ல இருபது வருஷமா கம்ப்ரசர்தான் ஓடுது. குழாய்ல காத்தை விட்டா தண்ணி தன்னால மேல வருது. தண்ணி வரும்போது இது வராதா?”

“போர்ல குழாய் ரொம்ப ஆழம் தண்ணிக்குள்ள முங்கி நிக்குதுங்க. அதனாலதான் காத்து தண்ணியைத் தூக்குது. இங்க தொட்டி ஆளுயரம்தான். காத்து கொப்புளம் விட்டுட்டுப் போயிடும்,” என்றார் இன்ஜினியர்.

“இதெல்லாம் படிச்சவங்க பேச்சு,” என்று மாமா சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நிலபுலம் உள்ளவரை மாமா என்று கூப்பிட்டுப் பழகியபின் அவர் பேச்சை யார் மறுப்பது? நானும் வாயை மூடிக்கொண்டேன். மகள் வருவதற்குள் வேலை முடிந்தால் போதும் என்று நினைத்தேன். அதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

போர் வேலை செய்கிற ஆட்களே வந்து தொட்டிக்குள் குழாய் இறக்கினார்கள். நாற்றம் வெளியே வரக்கூடாதென்று மாமா மூடியைச் சுற்றி சிமென்ட்டால் இறுக்கப் பூசச் சொன்னார். சிமென்ட் காய்ந்து, ஓட்டிப் பார்த்த அன்று சம்பந்தியம்மாள் வளைகாப்புக்கு நாள் பேச என் வீட்டுக்கு வந்திருந்தார். காபி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாமா சுவிட்சைப் போட்டார்.

தொட்டிக்குள் உலை கொதிப்பதுபோல் சத்தம். வெளியேற வழியில்லாத காற்று, கழிவு வருகிற குழாயிலேயே திரும்பி என் குளியலறைக்கு வந்தது. வெறுங்கையோடு வரவில்லை. கூடத்துக்குள் வழிவதற்குள் வாசலை அடைக்க ஏதாவது வேண்டுமே என்று அலமாரியைத் திறந்தேன். கைக்குக் கிடைத்தது, பேரப்பிள்ளைக்குத் தூளி கட்டத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆக்கி வைத்திருந்த என் நூல் சேலை. அதைத்தான் அங்கே திணித்தேன்.

சம்பந்தியம்மாள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

“தப்பா நினைச்சுக்காதீங்க. புள்ளத்தாச்சிப் பொண்ணை இதுல எப்படிங்க விடறது? பிரசவம் எங்க வீட்டுலயே இருக்கட்டும்,” என்றார். 

மகளுக்கு அங்கேயே பையன் பிறந்தான். இன்ஜினியர் சொன்ன இயந்திரம் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது. நிரம்புகிறது, புஸ்ஸென்று தள்ளுகிறது. இன்றுவரை ஒரு தடவைகூட அடைக்கவில்லை. மாமா பார்க்கிறவர்களிடமெல்லாம், “அன்னைக்கே நான் கம்ப்ரசர்தான்னு சொன்னேன்ல?” என்கிறார்.

நேற்று படியில் என்னை நிறுத்தினார். “என்னம்மா, பேரனைக் கூட்டிட்டு வந்து தூளி கட்டி ஆட்டலையா?”

“தூளிச் சேலையை உங்க கம்ப்ரசருக்குக் குடுத்துட்டேன் மாமா,” என்றேன்.

ஏதோ வேடிக்கை என்று நினைத்து அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.