ஏழாவது எல்மார்

சேலம் நாலு ரோட்டுக்குப் பக்கத்தில், கிறிஸ்தவக் கோயில் மணி காதில் விழும் தூரத்தில், யாகப்பனின் கடை இருந்தது. கடை என்று மரியாதைக்குச் சொல்கிறோம். ஆறடி அகலம், ஒரு மேஜை, ஒரு நாற்காலி. வந்தவர் உட்கார்ந்தால் யாகப்பன் எழுந்து நிற்க வேண்டும். பலகையில் 'காமிரா ரிப்பேர்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். ஆனால் அந்த ஐம்பதுகளில் காமிரா வைத்திருந்த சேலத்துக்காரர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் வயிற்றுப்பாட்டுக்குக் கடிகாரமும் மூக்குக் கண்ணாடியும் பார்த்தார். மனசு மட்டும் லென்ஸில் இருந்தது.

எல்லா லென்ஸிலும் இல்லை. எல்மார் என்று ஒரு ஜெர்மன் லென்ஸ். ஐந்து சென்டிமீட்டர். சட்டைப்பைக்குள் அடங்கும். முன்னுக்கு இழுத்தால் நீளும், தள்ளினால் உள்ளே போய்விடும். பார்க்கிறவர்களுக்கு எல்லா எல்மாரும் ஒன்றுதான். யாகப்பனிடம் அப்படிச் சொல்லிவிட்டால் தொலைந்தது, உங்களுக்கு ஒரு மணி நேரம் போய்விடும். யுத்தத்துக்கு முந்தியதில் நிக்கல் பூச்சு, லேசாக மஞ்சளடிக்கும். அப்புறம் வந்ததில் குரோமியம். யுத்தத்துக்குப் பின்னால் வந்ததன் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தால் நீலம் தட்டும். லென்ஸைத் தூரத்துக்கு வைத்து நிறுத்துகிற சின்னப் பூட்டு ஒன்று உண்டு. முன்பக்கத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டால், சிலதில் அது ஏழு மணி இடத்தில் இருக்கும், ரொம்பப் பழையதில் பதினொரு மணி இடத்தில் இருக்கும். இப்படித் தினுசு தினுசாக ஆறு அவரிடம் சேர்ந்திருந்தன. ஏற்காட்டு எஸ்டேட் பங்களாக்களைக் காலி செய்துகொண்டு வெள்ளைக்காரர்கள் கப்பலேறியபோது இரண்டு கிடைத்தன. ஒன்றை ஊருக்குத் திரும்பிய பிரெஞ்சு சாமியார் கொடுத்தார். மற்றதெல்லாம் நடையாய் நடந்து வாங்கியவை.

அவர் மனைவி இன்னாசிமேரிக்கு இது பிடிபடவே இல்லை.

"ஒரே மாதிரி ஆறு கண்ணாடி எதுக்குங்க?"

"ஒரே மாதிரியா? நம்ம நாலு பிள்ளைகளும் உனக்கு ஒரே மாதிரியா இருக்கா?"

"அதுக நாலும் பசிக்குதுன்னு கேக்குதுங்க. இதுக கேக்கறதில்ல. அதான் உங்களுக்கு இதுகள ரொம்பப் புடிச்சிருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே, பெட்டிக்குள் விரிக்கப் பழைய பட்டுத்துணியைக் கிழித்துக் கொடுத்தவளும் அவள்தான்.

ஏழாவது ஒன்று பாக்கி. அது எல்லாவற்றுக்கும் மூத்தது. அந்தக் காலத்தில் ஒரு லென்ஸ் எல்லாக் காமிராவிலும் சேராது. ஒவ்வொன்றையும் ஒரே ஒரு காமிராவுக்கென்று அளந்து செய்தார்கள். அந்தக் காமிராவின் எண்ணில் கடைசி மூன்று இலக்கத்தை லென்ஸின் உட்புறம் கீறி வைத்தார்கள். வேறு காமிராவில் மாட்டினால் படம் தெளியாது. பிறகுதான் எதிலும் சேரும்படி செய்து, அதற்கு அடையாளமாக அடிவளையத்தில் ஒரு சுழியம் போட்டார்கள். சுழியம் போட்ட பதினொரு மணிக்காரனில் யாகப்பனிடம் இரண்டு இருந்தன. சுழியம் இல்லாததை ஒன்பது வருஷமாகத் தேடினார். சென்னைக் கடைகளுக்கெல்லாம் கார்டு போட்டார். பதில் வரவில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆவணியில், பவானியில் ஒரு ஸ்டூடியோக்காரரின் காமிராவைச் சரிபார்க்கப் போனார். வேலை முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது ஸ்டூடியோக்காரர் வேடிக்கை போல ஒன்று சொன்னார். பாலத்துக்கு அக்கரையில், குமாரபாளையத்தில், நெசவாளர் சொசைட்டிக்குத் துணி சோதிக்கிற பெண் ஒருத்தி, காமிரா லென்ஸைக் கண்ணில் வைத்து இழை எண்ணுகிறாளாம். யாகப்பன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அவள் பெயர் சௌந்திரம். முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் பாலசுந்தரம் சொசைட்டியில் அதே சோதனை வேலையில் இருந்தவர். படம் பிடிக்கிற பைத்தியமும் உண்டு. ஓர் ஆடிப் பதினெட்டில் காவிரிப் படித்துறையில் கூட்டத்தைப் படம் பிடிக்கும்போது, லென்ஸில் தண்ணீர் தெறித்தது என்று கழற்றித் துடைத்தார். துடைத்ததைச் சட்டைப்பையில் போட்ட நேரம் யாரோ இடிக்க, காமிரா ஆற்றோடு போயிற்று. மிஞ்சிய லென்ஸைத் திருப்பிப் பிடித்தால் இழை பெரிதாகத் தெரிகிறது என்று கண்டுபிடித்து, அதை வேலைக்கு வைத்துக்கொண்டார். இரண்டு வருஷத்தில் டைபாய்டு அவரைக் கொண்டுபோயிற்று. சொசைட்டியில் அவர் வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். லென்ஸும் கூடவே வந்தது. இதையெல்லாம் அவளாகவே சொன்னாள், நெய்த துணியை மடியில் விரித்து வைத்துக்கொண்டு.

"சித்த பாக்கலாமுங்களா?" என்று கேட்டார் யாகப்பன்.

அவள் கொடுத்தாள். அவர் இரண்டு கையையும் ஏந்தி வாங்கினார். நிக்கல். பூட்டு பதினொரு மணி. அடிவளையத்தைப் பார்த்தார், சுழியம் இல்லை. வெளிச்சத்துக்குத் திருப்பினார். உள்ளே மூன்று இலக்கம், ஊசியால் எழுதினாற்போல.

"குடுக்கறீங்களாம்மா? என்ன கேட்டாலும் தர்றேன்" என்றார்.

"அதெப்படீங்கண்ணா? அவரு இதுல பாத்துத்தானுங்க என்னையப் படம் புடிச்சாரு" என்றாள் சௌந்திரம். கோபமில்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னாள். "நீங்க ரிப்பேர்காரருன்னீங்களே, உள்ளார பூஞ்சை புடிச்சிருக்குது. அதை மட்டும் தொடைச்சுக் குடுத்துட்டுப் போறீங்களா?"

நல்ல மனுஷன் கெட்டுப்போக ஒரு நிமிஷம் போதும். அந்த நிமிஷம் யாகப்பனுக்கு அன்றைக்கு வந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று சுழியம் போட்டதில் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருப்பார். ஜன்னல் வெளிச்சம் வேண்டும் என்று திரும்பி உட்கார்ந்தார். துணியை எடுத்தார், ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தார். துடைத்து அவளிடம் கொடுத்தது தன்னுடையதை.

மாற்றியது தெரியவே தெரியாது என்று நம்பினார். ஒரே பூச்சு, ஒரே பூட்டு, ஒரே தேய்மானம். இந்த ஜில்லாவிலேயே அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். சங்ககிரி தாண்டும்வரை பஸ்ஸில் அதே நினைப்பாக வந்தார். அப்புறம் சேலம் வந்து இறங்கும்வரை பையை ஒரு தரம்கூடத் திறந்து பார்க்கவில்லை.

ஏழாவது பெட்டிக்குள் போனது. ஒன்பது வருஷம் தேடியது கிடைத்தால் மனுஷன் குதிக்க வேண்டாமா? யாகப்பன் பெட்டியைத் திறப்பதையே விட்டுவிட்டார். பூஞ்சையை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, மூச்சை அடக்கி, சுத்தமாக எடுத்தார். கண்ணாடிகளை ஒட்டிய பசை வயதாகி உள்ளேயே மஞ்சளித்திருந்தது. அதை எடுக்க முடியாது, விட்டுவிட்டார். சோற்றில் கை வைத்தால் சௌந்திரத்தின் மடியும் அந்தத் துணியும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"பெட்டியத் தெறக்கவே மாட்டேங்கறீங்க. பூட்டு ரிப்பேரா?" என்றாள் இன்னாசிமேரி.

"ஒண்ணுமில்ல" என்றார். மனைவியிடம் அவர் சொன்ன பொய்களில் அதுதான் பெரியது.

ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் வந்தது. சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல், பாஸ்காப் பூசையில் நன்மை அப்பம் வாங்கக்கூடாது. வருஷா வருஷம் யாகப்பன் சொல்கிற பாவங்கள் சாமியாருக்கு மனப்பாடம்: கோபம், ஜெபத்தில் பராக்கு, கறி ஆகாத வெள்ளிக்கிழமையில் தெரியாமல் கறி. இந்த வருஷம் சாமியாரை மறைத்த மரச் சல்லடைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் முழங்காலில் இருந்தபடி, லென்ஸை மாற்றியதிலிருந்து தொடங்கினார். சொல்லி முடித்தார்.

சாமியார், "பொருள் உன் வீட்டுல இருக்கற வரைக்கும் நான் கொடுக்கற மன்னிப்பு ஒட்டாது, யாகப்பா. கொண்டுபோய்ச் சேர்த்துட்டு வா" என்றார்.

"மாத்தினது நான்னு சொல்லணுமா, சாமி?"

"பொருள் சேர்ந்தா போதும். சொல்லச் சொல்லி நான் கட்டாயப்படுத்தல."

அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு யாகப்பன் மறுநாளே பஸ் ஏறினார். எப்படி எடுத்தாரோ அப்படியே வைத்துவிடலாம். ஜன்னல், துணி, ஸ்பிரிட். அவளுக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. அவள் கண்ணில் தான் ஒரு நல்ல ரிப்பேர்காரனாகவே இருந்துவிட்டுப் போகலாம். இந்த ஆசை ஒன்றுதான் அவரிடம் மிச்சமிருந்தது. கேட்டால் அற்பமாக இருக்கும். ஆனால் சங்ககிரியிலிருந்து குமாரபாளையம்வரை அதற்காகத்தான் ஜெபமாலை உருட்டினார்.

சௌந்திரம் வாசலிலேயே அடையாளம் கண்டுகொண்டாள். "வாங்கண்ணா. வெயில்ல வந்திருக்கீங்க."

உள்ளே துணி விரிந்திருந்தது. அவள் வெறுங்கண்ணாலே, துணியை மூக்குக்குக் கிட்டத்தில் பிடித்து இழை எண்ணிக்கொண்டிருந்தாள். லென்ஸ் அலமாரியில், ஒரு துணியில் சுற்றிக் கிடந்தது. யாகப்பனுக்கு அது உறுத்தியது, ஆனால் காரணம் கேட்கத் தைரியமில்லை.

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேம்மா. பூஞ்சை திரும்பப் புடிச்சிருக்கான்னு பாத்துட்டுப் போலாம்னு..."

"பாருங்க" என்று எடுத்துக் கொடுத்தாள். "நான் மோரு கொண்டாரேனுங்க."

சமையலறை நாலு எட்டுதான். மோருக்கு உப்புப் போட எவ்வளவு நேரமாகும்? அவள் ரொம்ப நேரம் வரவில்லை. யாகப்பன் மாற்றினார். அவசரத்தில் துணி கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டு நிமிர்ந்த பிறகுதான் பாத்திரச் சத்தம் கேட்டு, அவள் வந்தாள்.

"பூஞ்சை ஒண்ணும் இல்லம்மா" என்று நீட்டினார்.

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு லென்ஸை வாங்கினாள். வெளியே எதையும் பார்க்கவில்லை. பூட்டைப் பார்க்கவில்லை, அடிவளையத்தைப் பார்க்கவில்லை. உட்கார்ந்து வெள்ளைத் துணியை மடியில் இழுத்துப் போட்டு, அதன்மேல் லென்ஸை வைத்துக் குனிந்து கண்ணைக் கொடுத்தாள். அப்படியே இருந்தாள். நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது.

"இதுதானுங்க" என்றாள்.

யாகப்பன் மோர் டம்ளரை எடுக்கப்போன கையை இழுத்துக்கொண்டார்.

"இதுல பாத்தா வெள்ளை நூலு காச்சுன பாலாட்டம் தெரியுமுங்க. பத்து வருசமா பாத்த நெறம். நீங்க அன்னிக்கித் தொடைச்சுக் குடுத்ததுல சுண்ணாம்பாட்டம் இருந்துச்சு. அழுக்கு போனா மங்கல் போகுமுங்க, நெறம் எப்படிங்க போகும்? நாங்க சாயம் பாத்தே பொழைக்கறவங்க."

இந்த ஜில்லாவில் தான் ஒருவர்தான் என்று நினைத்திருந்தாரே! இத்தனை வருஷம் அவர் லென்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அதன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு வித்தியாசம் இருக்கிறதென்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"அன்னிக்கே தெரிஞ்சுதாம்மா?"

"பொழுது எறங்கறதுக்குள்ளயே தெரிஞ்சுதுங்க."

"சொசைட்டியில சொல்லி ஆள் அனுப்பியிருக்கலாமே. சேலத்துல காமிரா ரிப்பேர்னா யாரும் என் கடையக் காட்டியிருப்பாங்க."

"அனுப்பலாம்னுதான் மொத நாள் இருந்தேனுங்க. அழுதேன். அப்புறம் நீங்க வாங்குனது நெனப்புக்கு வந்துச்சு." அவள் லென்ஸை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையையும் ஏந்திக் காட்டினாள். "இப்படித்தானுங்க வாங்குனீங்க. என்ற ஊட்டுக்காரரு ஒருத்தருதான் இதை அப்பிடி வாங்குவாரு. மத்தவங்க எல்லாம் ஒத்தக் கையில, எலுமிச்சம்பழத்தை வாங்கறாப்பல வாங்குவாங்க. இப்படி வாங்கற மனுசன்கிட்டப் போயிருக்குது, பத்தரமாத்தான் இருக்கும், என்னிக்காச்சும் கொண்டாந்துருவாருன்னு இருந்துட்டேனுங்க."

யாகப்பன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நாற்பத்தைந்து வயது ஆம்பிளை, அறிமுகமில்லாத வீட்டில், தோள் குலுங்க அழுதார். அவள் தடுக்கவில்லை. மடியிலிருந்த துணியில் விட்ட இடத்தைத் தேடி, லென்ஸை வைத்து, உதட்டுக்குள் இழை எண்ணிக்கொண்டிருந்தாள்.

சாமியார் கட்டாயமில்லை என்று விட்டுவிட்டதை அவர் அப்போது வாய்திறந்து சொன்னார்.

"நான்தாம்மா எடுத்தேன். வேணும்னேதான் எடுத்தேன்."

எண்ணிக்கை விட்டுப்போகாமலிருக்க அவள் இழைமேல் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"தெரியுமுங்கண்ணா" என்றாள். "மோரு குடிங்க."